இறங்குது, நல்லா இறங்குது!

கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்கிற பிரஷர் சரியாக இருந்தால், உடம்பில் வேறெங்கும் பிரஷரே இருக்காது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்த காலம் அது.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒரு டாக்டர் வீசிங் என்றார். இன்னொருவர் தொப்பையைக் குறைக்கச் சொன்னார். ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடி, உக்கடம் பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தேன். முகத்தில் சோடா தெளித்த புண்ணியவான், "காலங்காத்தாலயே ஊத்திட்டானாட்டம் இருக்குது" என்று என் மானத்தையும் சேர்த்து வாங்கினார்.

அதன் பிறகுதான் இதய டாக்டரிடம் போனேன். இ.சி.ஜி.யில் இதயத்தின் வலது பக்கம் திணறுவது தெரிந்தது. எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலுக்கு ரத்தம் போகிற குழாயில் பிரஷர் அதிகம் போலிருக்கிறது என்றார்.

"கையில பாத்தா சரியாத்தானுங்க இருக்குது?" என்று வக்கீல் மாதிரி மடக்கினேன்.

"ஏனுங்க, இதயம்னா ரெண்டு பம்ப்புங்க. உங்க கம்பெனில ரெண்டு பம்ப் ஓடுற எடத்துல, ஒண்ணுல மட்டும் மீட்டரை வெச்சுப் பாத்துட்டு இன்னொண்ணும் சரின்னு எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் எழுதிய டெஸ்ட் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

நுரையீரலில் ரத்தக்கட்டியா, இதயத்தில் ஓட்டையா என்று வரிசையாக டெஸ்ட் எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் "இல்லை" என்று வர வர, நான் பரீட்சையில் பாஸான மாதிரி குதித்தேன். எல்லாவற்றையும் தள்ளிய பிறகு மிஞ்சுவது, காரணமே இல்லாமல் அந்தக் குழாயில் பிரஷர் ஏறுகிற நோய், அதுதான் பெரிய வில்லங்கம் என்பது எனக்கு உறைக்கவில்லை. எக்கோ சொல்வது உத்தேசக் கணக்கு. உள்ளே போய் அளந்தால்தான் நிச்சயம் என்றார் டாக்டர். தொடையில் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டு, இதயம் வழியாக... "இதயம்" என்றதுமே என் காது அடைத்துக்கொண்டது. மீதியை என் மனைவிதான் கேட்டாள்.

மறுநாள் டேபிளில் படுக்கவைத்தார்கள். தொடையை மட்டும் மரத்துப்போக வைத்ததால் மற்றதெல்லாம் விழிப்பாகவே இருந்தது, பயம் உட்பட. டியூப் உள்ளே போனது. "ஏறித்தான் இருக்குது" என்றார் டாக்டர். நோய் உறுதி. ஏதோ மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில், திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கத்தினார்: "சார், இறங்குது! நல்லா இறங்குது!"

எங்கள் டெஸ்டிங்கில், ஓடுகிற பம்ப்பின் மீட்டர் முள் இறங்கினால் ஒரே அர்த்தம்தான். சரக்கு தேறாது, ஓரங்கட்டு.

நான் அலறினேன். "டாக்டர், என்ற சம்சாரத்தைக் கூப்புடுங்க! தோட்டத்து மோட்டாரை மட்டும் என்ற மச்சானுக்குக் குடுத்துற வேண்டாம்னு அவகிட்டச் சொல்லோணும், ஒரே வாரத்துல பொகைச்சுப்போடுவான்!"

"எங்கீங்க கெளம்பறீங்க? எறங்குனது உங்க நுரையீரல் பிரஷருங்க. அது எறங்கோணும்னுதான் மருந்தே குடுத்தோம். மச்சான் பஞ்சாயத்தெல்லாம் ஊட்டுல போய் வெச்சுக்கங்க. ஆடாம படுங்க."

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சாகப்போகிறவனுக்கு மரியாதையே இல்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வெளியே வந்ததும் உள்ளே நடந்ததை மனைவியிடம் சொன்னேன்.

"எறங்குனாத் தப்பிச்சோம், எறங்காட்டிக் கஷ்டம்னு நேத்தே டாக்டர் சொன்னாருங்களே. நானு ராத்திரியெல்லாம் அதையேதான் வேண்டிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க எங்க போயிருந்தீங்க?"

"பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"உக்காந்தீங்க, செரி. காதை எங்க கழட்டி வெச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இந்த நோய் வந்தவர்களில் வெகு சிலருக்குத்தான் மருந்து அப்படிக் கேட்குமாம். எனக்குக் கேட்டது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் மறுபடியும் டியூப் விட்டு அளந்தார்கள். அன்று இறங்கிய பிரஷர், மறுபடி ஏறாமல் இறங்கின இடத்திலேயே நின்றிருந்தது.