பொத்தானில் சிக்கிய காப்பித்தோல்

என் கடை மேசையில் திருகாணிகள் போட்டுவைக்கும் தகர டப்பா ஒன்று இருக்கிறது. அதன் மூலையில், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, காய்ந்து கறுத்த காப்பிப் பழத்தோல் ஒன்று கிடக்கிறது. குப்பை என்று அதை ஊதித்தள்ளப் பார்த்தவர்கள் என்னிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது மேஸ்திரியம்மாவின் போனிலிருந்து வந்தது.

ஏற்காட்டில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பொம்பளைக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்களின் போன்களும் என்னிடம்தான் வருகின்றன. எனக்குக் கோபம் அதிகம். போன் கெட்டால் முதலில் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரையும் அமுக்கச் சொல்லி, கடைசியில் என்னிடம் கொண்டுவருபவர்களைத் திட்டாமல் அனுப்பியதில்லை. மேஸ்திரியம்மாவையும் திட்டினேன். தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருபது பெண்களைப் பழம் பறிக்க மேய்த்தவர் அவர். திட்டு அவரிடம் எடுபடவில்லை. "பேசி முடிச்சிட்டியா கண்ணு? இப்ப போனைப் பாரு" என்றார்.

நாலு நாளாக அந்தப் போன் தானாக அணைந்து தானாக எழுந்துகொண்டிருந்ததாம். அப்புறம் எழவே இல்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி, அதோடு நின்றுவிட்டது. ரெக்கவரி மோடு என்போம். போன் தன்னால் கிளம்ப முடியாதபோது போய் உட்காரும் இடம். மறுபடி கிளப்பு என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் கிளம்பும். சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்து உட்காரும். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் காலையில், மூடுபனி கடைக்குள் வந்து நிற்கிற நேரத்தில், மேஸ்திரியம்மா வந்தார். கூடவே கழுத்தில் துண்டு சுற்றிய ஒரு மனிதர். அவருடைய வீட்டுக்காரர். வாசலோர ஸ்டூலில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் அழிச்சாத்தாங்க இது ஓடும்" என்றேன்.

"அழிக்கக் கூடாது."

"உள்ள அப்படி என்னங்க இருக்குது? வேற எங்கயும் எடுத்து வெக்கலயா?"

"எங்க ஊட்டுக்காரரு சிரிச்சது இருக்குது" என்றார். "தொண்டையில கட்டின்னு சேலத்துல அறுத்து எடுத்துட்டாங்க. இனி கொரலு வராது. அதுக்கு முந்தி ஒருக்கா சிரிச்சாரு. இருபத்தெட்டு வருசத்துல சத்தம் போட்டுச் சிரிச்சது அது ஒண்ணுதான். எங்க ஆளுங்ககிட்டச் சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டேங்கறா."

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கடையில் பன்னிரண்டு போன்கள் காத்திருந்தன. எனக்கு ஆத்திரம் அந்தத் திரைமேல், காட்டியது அவர்மேல். "அப்ப இதைத் தூக்கிட்டுப் போய்ச் சாமி மாடத்துல வெச்சுக்கங்க" என்றேன்.

மேஸ்திரியம்மா மேசைமேல் எட்டினார். "அழிக்கறதுக்கு ஒரு கடையா? குடு இங்க!" என்று போனைப் பிடித்து இழுத்தார். எடுத்த வேலை முடியாமல் யாரும் போனைத் தூக்கிப் போக நான் விட்டதில்லை. நானும் இழுத்தேன். அவர் இழுக்க, நான் இழுக்க, ஸ்டூல்காரர் எழுந்து இரண்டு கையையும் விரித்து நடுவில் நின்றார். அந்த இழுபறியில் என் கட்டைவிரல் ஒலியைக் கூட்டுகிற பொத்தானில் அழுந்தியது. அழுந்தியதா? இல்லை. அது ஏற்கெனவே அமுங்கிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த பவர் பொத்தான் அமுங்கி, மெல்ல, சோம்பேறி போல மேலே வந்தது. விரலில் பிசுபிசுப்பு.

அந்தப் பிசுபிசுப்பு எனக்கு முதல் நாளே தெரியும். பழம் பறிக்கிற மாதங்களில் மலையிலிருந்து வருகிற எல்லாப் போனும் ஒட்டும். வாங்கியதும் துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். எல்லாப் போனையும்போல இதையும் துடைத்தேன். வெளியூர்க்காரன் ஒருவன் பார்த்திருந்தால் இது ஏன் ஒட்டுகிறது என்று கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை.

"போனை எங்க வெச்சுக்கறீங்க?"

"இடுப்புல கட்டற மடிப்பையில. பறிச்ச பழத்தோட."

கழற்றினேன். நசுங்கிய பழத்தின் சாறு இரண்டு பொத்தான்களுக்கடியிலும் பாகாய் இறுகியிருந்தது. ஒன்று ஒட்டி ஒட்டிப் போனை அணைத்தது. மற்றதன் அடியில் இந்தத் தோல் துணுக்கு. கிளம்பும்போது அந்தப் பொத்தானை அமுக்கியிருந்தால் போன் நேராக ரெக்கவரிக்குத்தான் போகும். அது தனக்குச் சொன்னதைச் செய்துகொண்டிருந்தது, பைத்தியம் நான்தான். ஸ்பிரிட்டில் தொட்ட பிரஷால் தேய்த்து, காயவைத்து, மூடினேன். கம்பெனிப் பெயர் வந்தது. போனது. பிறகு எலுமிச்சைப் பழ மாலையோடு ஒரு சேர்வராயன் கோயில் சாமி படம் திரையில் வந்து நின்றது. மேஸ்திரியம்மா என் கன்னத்தை வலிக்கக் கிள்ளினார்.

வீடியோவைப் போட்டார். அதில் வீட்டுக்காரரே இல்லை. ஆரஞ்சு மரத்தைப் படமெடுக்கப் பின்னால் நகர்ந்த மேஸ்திரியம்மா வாழைக்குப் போகிற சாக்கடையில் விழுந்திருக்கிறார், போன் மல்லாந்துவிட்டது. பத்து நொடி வெறும் வானம், ஒரு சவுக்குமர நுனி. அதன்மேல் ஒரு சிரிப்பு, பழைய ஜீப் மேடு ஏறுவது போல விட்டுவிட்டுத் தொடங்கி, அப்புறம் அடக்கமாட்டாமல். நடுவே, "ஏந்திரிடி, வாழைக்கு எருவாயிட்டியா?"

"பாத்தியா? நான் உளுந்தா மட்டும் சிரிப்பு வரும் இந்த மனுசனுக்கு" என்றார் மேஸ்திரியம்மா.

ஸ்டூலில் இருந்தவர் தன் சிரிப்பைக் கேட்டார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது, வாய் முழுக்கத் திறந்தது. சத்தம் மட்டும் இல்லை. அதற்கு ஈடாகத் தொடையில் பட் பட்டென்று அடித்துக்கொண்டார். நான் எவ்வளவு சிரித்தேன் என்றால், பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்து, "ஏனுங்க, உங்களுக்குச் சிரிக்கக்கூட வருமா?" என்றார். அவரையும் திட்டினேன்.

இப்போது அவர்கள் சேலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். பழம் பறிக்கிற காலம் வந்தால் யார் போனைக் கொடுத்தாலும் முதலில் பொத்தான்களைத் தடவிப் பார்க்கிறேன். போன வாரம் மேஸ்திரியம்மா கூப்பிட்டார். அந்தப் பழைய போனிலிருந்துதான். நலம் விசாரித்து, எனக்கு வாய் இன்னும் குறையவில்லையா என்று கேட்டுவிட்டு, "இந்தா, அவரு பேசணுங்கறாரு" என்றார். அந்தப் பக்கம் போன் கைமாறுகிற சரசரப்பு. பிறகு தொடையில் பட் பட். நான் தகர டப்பாவை எடுத்து மேசையில் இரண்டு தட்டு தட்டினேன். அங்கிருந்து மூன்று வந்தது.