மினிட்ஸ் நோட்டில் ஏறிய ஒரே பெயர்

ஒரு பேய் கொண்டுவந்த தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டு, ஒருமனதாக நிறைவேற்றி, தலைவரிடம் கையெழுத்தும் வாங்கிய செயலாளர் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? இனி கேளுங்கள். இது நடந்தது. நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. பக்கம் 114.

பொய் சொல்வதில் எனக்கு ஊரறிந்த பெயர் உண்டு. நான் ஓய்வு பெற்றதும், அதுவரை பார்த்துக்கொண்ட உலை மூன்று நாள் சூடேற மறுத்து அழுதது என்று சொல்லித் திரிகிறவன் நான். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு சொல்கூட என் சரக்கு இல்லை. கூட்டிச் சொல்லவும் மனசு வரவில்லை. அவ்வளவு கோபம் இன்னும் இருக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் சிப் செய்கிறவர்கள், சிப்புக்கான பொருட்களைச் செய்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழு. மாதத்தின் முதல் வியாழன், மாலை ஆறரை மணி, நூலகத்தின் மாடி அறை. பகலெல்லாம் ஒருவர் கம்பெனியை இன்னொருவர் கவிழ்க்கப் பார்ப்போம். மாலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் கடிப்போம்.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் கால் மணி நேரம் யாராவது ஒருவர் தன் தோல்வியைச் சொல்ல வேண்டும். எது கெட்டது, எத்தனை மாதம் தலையை உடைத்துக்கொண்டார், கடைசியில் எப்படிப் பிடிபட்டது, எல்லாம். யார் சொன்னார் என்பது வெளியே போனால் வேலையே போய்விடும். அதனால் அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. தொழிலைச் சொல்லிக் கூப்பிடுவோம். நான் உலைக்காரன், அதனால் ஃபர்னஸ். என் மனைவியின் தம்பி, வேக்குவம் பம்ப் ரிப்பேர் செய்கிறவன், பம்ப்பு. தலைவர், சிப் செய்யும் சிலிக்கான் தகடுகளின் மேல் படலம் ஏற்றுகிறவர், கோட்டிங். மினிட்ஸ் எழுதும்போதும் நான் ‘ஓர் உறுப்பினர் கூறினார்’ என்றுதான் எழுதுவேன். பத்தொன்பது வருடம் அப்படியே எழுதினேன்.

அந்த வழக்கத்தைத்தான் ஒருவன் திருட்டுச் சாவியாக வைத்துக்கொண்டான்.

எங்களில் வாஷிங் மேடம் என்று ஒருவர். சிலிக்கான் தகடுகளைக் கழுவும் பிரிவு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழன், கழுவின தகட்டில் கறை விழுந்துகொண்டே இருந்த கதையைச் சொன்னார். நாலு மாதத் தோல்வி. கடைசியில் தண்ணீரைக் குளிரவைத்து, தகட்டை நத்தை வேகத்தில் தூக்கினால் கறையே இல்லை என்று கண்டுபிடித்தார். கேட்ட முப்பது பேரும் வாயைப் பிளந்தோம். நான் நோட்டில் எழுதினேன்: ‘ஓர் உறுப்பினர் கூறினார்.’

அப்புறம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. இறந்துபோனார்.

அவர் இறந்து பதினாலு மாதம் கழித்து அதே முறையைத் தன் கண்டுபிடிப்பு என்று பெரிய மாநாட்டில் படிக்கப் புறப்பட்டார் தலைவர். குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்த வியாழன்தான் ஓட்டு. மறுநாள் காலை கட்டுரை அச்சுக்குப் போகிறது. போனால் போனதுதான்.

மணி 6:38. மேடத்தின் கணவர் வந்தார். தையல்காரர். கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக்கூட எடுக்க மறந்து வந்திருந்தார்.

“சார், அவ பேரை ஒரு ஓரமா போட்டா போதும். வேற ஒண்ணும் கேட்கல.”

“குழுவுல யார் பேரும் சொல்றதில்லைங்க. வழக்கம்.” தலைவர் என் பக்கம் திரும்பினார். “ஃபர்னஸ் சார், மினிட்ஸ்ல அவங்க பேர் இருக்கா பாருங்க.”

இருக்காது என்று தெரிந்துதான் கேட்டார். நான் பக்கத்தைப் புரட்டினேன். என் முத்துமுத்தான கையெழுத்து. ஓர் உறுப்பினர் கூறினார். அந்தக் கையை அப்போதே உலைக்குள் விட்டிருக்கலாம்.

“இல்ல,” என்றேன்.

“அப்புறம் என்ன. பின்னாடி உட்காருங்க. பார்வையாளர் பேசக்கூடாது.”

தையல்காரர் போய் உட்கார்ந்தார். அன்று மேடம் பேசியதைக் காதாரக் கேட்ட அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான். எனக்குள் ஆயிரத்து நூறு டிகிரி. ஆனால் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்.

மணி 6:47. ஒரு தட்டில் சிலிக்கான் தகடு ஒன்றை வைத்துச் சுற்றுக்கு விட்டார் தலைவர். உள்ளங்கை அகலம், முகம் தெரியும் பளபளப்பு.

“போன வாரம் நானே சீல் உடைச்சு, நானே கழுவி, நானே மேல கண்ணாடிப் படலம் ஏத்தினது. ஊதிப் பாருங்க. ஒரு புள்ளி இருந்தா என் மீசையை எடுத்துக்கறேன்.”

எங்கள் தொழிலில் பழைய ஆட்கள் செய்கிற சோதனை அது. தகட்டின் மேல் வாயைத் திறந்து ‘ஹா’ என்று மூச்சு விட்டால் பனி படியும். அழுக்கு இருந்தால் அந்த இடம் தனியாகத் தெரியும். இரண்டு விநாடியில் பனி மறைந்துவிடும்.

நான்தான் முதல். ஹா.

ஒரு சின்னக் கோடு தெரிந்தது. மறைந்தது. என் மூக்குக்கண்ணாடியில் கீறல் என்று நினைத்தேன்.

அடுத்தவர் ஊதினார். புருவத்தைச் சுருக்கினார். தட்டை நகர்த்தினார்.

மணி 6:51. அப்போதுதான் அந்தச் சத்தம்.

ஷ்ஷ்... ஷ்ஷ்... ஷ்ஷ்...

நைட்ரஜன் துப்பாக்கி. தகட்டை உலர்த்த வாயு அடிக்கும் சத்தம். எங்களில் எல்லோரும் ஒரு தடவை அடிப்போம். மூன்று தடவை அடித்து, நிறுத்தி, மறுபடி மூன்று தடவை அடிக்கிறவர் ஒரே ஒருவர்தான்.

அது நூலக மாடி. அங்கே வாயுக் குழாயே கிடையாது.

“ஏசி சத்தம்,” என்றார் தலைவர். ஏசி ஓடவில்லை.

ஷ்ஷ்... ஷ்ஷ்... ஷ்ஷ்...

தட்டு பத்தாவது ஆளிடம் போனது. ஊதினார். “எழுத்து மாதிரி இருக்கு,” என்றார்.

பதினெட்டாவது ஆள் ஊதினார். எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு துண்டு கூடிக்கொண்டே வந்தது.

மணி 6:58. தட்டு தலைவரிடமே திரும்பி வந்தது. ஊதினார்.

ஹா.

முழுப்பெயர். முன்னால் இனிஷியல். பெண் பெயர்.

தலைவர் செய்ததைக் கேளுங்கள். சட்டைக் கையால் தகட்டைத் துடைத்தார். எங்கள் தொழிலில் அது குழந்தையின் கண்ணை மணலால் துடைப்பது போல.

“அழுக்கு. யாரோ விளையாடியிருக்காங்க.” என்னைத்தான் முறைத்தார்.

தகட்டை மேசையில் வைத்தார்.

யாரும் அருகில் இல்லை.

யாரும் ஊதவில்லை.

பனி படிந்தது.

தலைவரின் காதோரம்... ஹா...

எல்லோரும் கேட்டோம்.

இரண்டு விநாடி போனது. மறையவில்லை.

பத்து விநாடி.

மறையவில்லை.

பின்வரிசையிலிருந்து தையல்காரர் வந்தார். குனிந்து பார்த்தார். “இது அவ கையெழுத்து. கடைசி எழுத்தோட சுழியை இப்படித்தான் உள்ளுக்குள்ள இழுப்பா.”

இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மனுஷியின் பெயர் எனக்கு அன்றுதான் தெரியும்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்தேன். “மேசைக்கு வந்தது எதுவானாலும் செயலாளர் பதிவு பண்ணணும். பண்றேன். இந்த முறையைக் கண்டுபிடிச்சது இவங்க. கட்டுரை இவங்க பேர்ல போகணும். இதுதான் தீர்மானம். கை தூக்குறவங்க தூக்குங்க. தூக்காதவங்க இந்தத் தகட்டுப் பக்கத்துல கொஞ்ச நேரம் தனியா உட்காரலாம்.”

அத்தனை கைகளும் எழுந்தன. தலைவர் கை கடைசி. மணி 7:09க்குக் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் பனி விலகியது.

கட்டுரை மேடத்தின் பெயரில் அச்சானது. தலைவர் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை.

நம்பாதவன் ஒருவன்தான். பம்ப்பு. அன்று கடைசி வரிசையில் புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். படி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

“மெழுகா, கிரீஸ் பென்சிலா மாமா? எப்ப எழுதினீங்க?”

“நான் எழுதல மச்சான்.”

“உலை அழுதுச்சுன்னு சொன்ன ஆளு நீங்க.”

அவன் சும்மா விடவில்லை. என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தகட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான், தெரிந்தவர் ஒருவரின் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க.

ஒன்பதாம் நாள் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“மேல ஒண்ணுமே இல்ல மாமா. மெழுகு இல்ல, கிரீஸ் இல்ல. எழுத்து படலத்துக்கு அடியில இருக்கு. சிலிக்கான்லயே செதுக்கியிருக்கு.”

சுவரில் எழுதி, அதன் மேல் பெயின்ட் அடித்த மாதிரி. படலம் ஏற்றுவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். தலைவர் தானே சீல் உடைத்துத் தானே ஏற்றிய படலம்.

“ஒருவேளை மேடமே எப்பவோ...” என்று இழுத்தேன்.

“தகட்டு ஓரத்துல நம்பர் இருக்கும்ல. செஞ்ச இடத்துக்கு போன் போட்டுக் கேட்டேன்.” ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டான். “அந்த சிலிக்கானை உருக்கி எடுத்ததே நாலு மாசத்துக்கு முன்னாடிதானாம்.”

அதை உருக்கியபோது மேடம் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

கெக்கலி கொட்டிச் சிரிக்க நல்ல சமயம்தான். சிரிப்பு வரவில்லை.

“இன்னொண்ணு மாமா. அன்னைக்கு என் வலது பக்கம் யாரு உட்கார்ந்திருந்தா, ஞாபகம் இருக்கா?”

“நீதான் கடைசி. உனக்கு வலது பக்கம் சுவருதான்.”

“ஆமா. தட்டு எனக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு. கையில கிளவுஸ் போட்டிருந்தாங்க. தகடு கழுவுறப்போ போடுற ஈரக் கிளவுஸ். வாங்கிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன்...”

ஹெல்மெட்டுக்குள் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை.

“எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா. பயத்துல உங்க மேல பழியைப் போட்டேன். நடந்தது. எல்லாம் நடந்தது.”