கப்பல்காரர் தலைக்கு எண்ணெய்

எண்ணெய் தேய்க்கிறவனுக்கு முகம் மனதில் நிற்காது. மண்டையும் முதுகும்தான் நிற்கும். கூலிக்கு அடுத்தவன் உடம்பைப் பிடித்துப் பிழைத்தவர்கள் யாராக இருந்தாலும் இதை ஒத்துக்கொள்வீர்கள். கடைத்தெருவில் ஒருவன் "அண்ணாச்சி, நல்லாயிருக்கீயளா?" என்பான். யாரென்று தெரியாது. முழிப்போம். அவன் கோபித்துக்கொண்டு திரும்பி நடப்பான். முதுகைப் பார்த்ததும் ஊர், பேர் எல்லாம் வந்துவிடும். அதற்குள் அவன் தெருமுனை தாண்டியிருப்பான். திமிர் பிடித்தவன் என்று நமக்குப் பேர்.

குற்றாலத்துப் பேரருவிக்குக் கீழே ஒரு பாறை. அதில் உட்கார்த்தி நான் தேய்த்த தலைகள் ஏராளம். எண்ணெய் பட்டுவிட்டால் பெரியவன் சின்னவன் கிடையாது. தென்காசிப் பேச்சிமுத்துவின் தலை மட்டும் என்னைக் குழப்பிவிட்டது. அவர் கப்பலில் வேலை பார்த்தவர். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, சாரல் காலத்தில் ஊருக்கு வருவார். வந்தால் குடும்பத்தோடு என் பாறைக்கு வருவார். வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. வந்தபடி சொல்கிறேன்.

ஆடியது எது

முதல் தடவை வந்தபோது அவர் புதுமாப்பிள்ளை. பெண்சாதி கோமதி ஈரச்சேலையோடு தள்ளி நின்றுகொண்டிருந்தாள். உச்சியில் எண்ணெயை வைத்துத் தட்டினேன். தலை இடப்பக்கம் சாய்ந்தது. பிடித்து நிமிர்த்தினேன். வலப்பக்கம் சாய்ந்தது. குடித்திருக்கிறார் என்று நினைத்து மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய் வாசம்தான். அதுவும் என்னுடையது.

"சும்மா இரும் வே. சாமி வந்து ஆடுத மாதிரி ஆடுதீரு. எண்ணெய் கண்ணுல போவுது" என்றேன். அவர் பாறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. கப்பலைவிட்டு இறங்கி நாலைந்து நாள்தான் ஆகிறதாம். எனக்கென்ன தெரியும்? கடுப்பில் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"நான் சும்மாத்தான் இருக்கேன் அண்ணாச்சி. குத்தாலந்தான் ஆடுது."

போனபோது இருந்த அளவு

இன்னொரு தடவை வந்தபோது கூட ஒரு பெண்பிள்ளை. அதற்கு மொட்டை போட்டிருந்தார்கள். பாறையைச் சுற்றி அன்றைக்கு மொட்டைப் பிள்ளைகள் நிறைய. எல்லாவற்றுக்கும் எண்ணெய் வைத்து விட்டிருந்தேன். விரால் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடின. பேச்சிமுத்து ஒன்றைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குப் போனார். பக்குவமாகக் காலைக் காட்டி, கையைக் காட்டி, காதைப் பொத்தித் தலையையும் காட்டினார். பிள்ளை வீல் என்று கத்தியது. இவர் பாட்டுப் பாடினார்.

அதற்குள் இங்கே ஒரே கூச்சல். புளியங்குடியில் இருந்து வந்த ஒரு அம்மாள் பிள்ளையைக் காணோம் என்று மாரில் அடித்துக்கொண்டாள். கடைசியில் பார்த்தால் அது இவர் தோளில் இருந்தது. இவருடைய மகள் கோமதியின் விரலைப் பிடித்துக்கொண்டு, இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது.

பேச்சிமுத்துவுக்கு முகம் செத்துப்போயிற்று. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாத அப்பன் உண்டா என்று ஆளுக்கொன்று பேசினார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். கோமதி ஒருத்திதான் கோபப்படவில்லை. மகளைத் தூக்கி அவர் கையில் கொடுத்துச் சொன்னாள்:

"அவுக பிள்ளையைத்தான் தேடியிருக்காக. விட்டுட்டுப் போனப்போ அது அந்த அளவுலதான் இருந்துச்சு."

வழித்த எண்ணெய்

அவர் வந்தால் வண்டி கட்டி ஒரு தெருவையே அழைத்துக்கொண்டு வருவார். அம்மா, மாமியார், இரண்டு வீட்டுச் சித்திமார், செங்கோட்டையில் இருக்கும் கொழுந்தியாள் வீடு. எல்லோருக்கும் எண்ணெய் வைத்த பிறகுதான் தான் உட்காருவார். பெண்களுக்குக் கோமதியும் அவர் அம்மாவும் வைத்துவிடுவார்கள். எண்ணெய் என்னவோ என் கிண்ணத்தில் இருந்துதான். ஒரு தடவை இவர் முறை வரும்போது கிண்ணம் காய்ந்துவிட்டது.

"நாளைக்கு வாரும்" என்றேன். மனுஷன் கேட்கவில்லை. அருவிக்குப் போகப் புறப்பட்ட மச்சினன் மாடசாமியை இழுத்து நிறுத்தி, அவன் முதுகில் வழிந்த எண்ணெயை உள்ளங்கையால் வழித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். "ம், தேயும்" என்றார். இதை என்னவென்று சொல்வது? மாடசாமி கோமதிக்கு இளையவன், வாய் நீளம். முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"எங்க குடும்பத்துல ஒரு பொருள் வீணாப் போவாது அண்ணாச்சி. வீணாப் போறது எங்க அத்தான் ஒருத்தர்தான், அந்தக் கப்பல்ல."

கடல் என்ன நிறம்

அந்த வீட்டில் எல்லோரும் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கப்பலின் மேல்தட்டில் நிற்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். என் கை வேறு கதை சொன்னது. முதுகு முழுவதும் நெருப்புப் பொறி பட்ட தழும்பு. சீயக்காய் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் பிடரி மடிப்பில் கறுப்பு போகாது. கொல்லன் உலைக்காரன் முதுகு அப்படி இருக்கும். கடலில் ஏது உலை?

கேட்டேவிட்டேன். கப்பலின் அடிவயிற்றில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலையாம். வெளிச்சம் கிடையாது. முறை முடிந்து மேலே ஏறினால் தூக்கம்தான் வருமாம். "அப்போ கடல்?" என்றேன். "எங்க அண்ணாச்சி பார்த்தேன்? தலைக்கு மேல சத்தம் கேட்கும். இந்த அருவியில பார்க்கிற தண்ணிகூட அங்கன நான் பார்த்ததில்ல. தலைக்கு வைக்க ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. நல்ல எண்ணெய் பூராவும் எஞ்சினுக்கு" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எதற்கு ஐயா கப்பல்காரன் என்று பேர்? அந்த நேரம் பார்த்துக் கோமதி பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவசரமாகச் சொன்னார்:

"அவ கேட்டா, கடல் நல்ல நீலம்னு சொல்லும்."

ஒரே கேள்வி

இரண்டாவது உலகச் சண்டை வந்தது. கப்பல் விஷயம் எதுவும் சரியாகத் தெரியாத காலம். வர வேண்டிய சாரலுக்கு அவர் வரவில்லை. அடுத்த சாரலில் மாடசாமி மட்டும் வந்தான். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். கூட வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் நேரில் வந்து சேதி சொல்லிவிட்டுப் போனாராம். நடுக்கடலில் காய்ச்சல். ஆள் தாங்கவில்லை. கரை சேர்க்க வழியில்லை. துணியில் வைத்துத் தைத்துக் கடலில் இறக்கிவிட்டார்கள்.

சேதி வந்த நாளையே செத்த நாளாக வைத்துக் காரியம் செய்வது என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். கோமதி விடவில்லை. தாலியில் கை வைக்கக்கூட விடவில்லை. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்தவரைக் கடைசியாகக் குளிப்பாட்டும் முன்னால் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து தலையில் எண்ணெய் வைப்பார்கள். புறங்கையால் வைப்பார்கள், உள்ளங்கையால் வைப்பது உயிரோடு இருக்கிறவனுக்கு. அந்த எண்ணெய் இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. தூத்துக்குடிக்காரர் என்னென்னவோ ஆறுதல் சொன்னாராம். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மாடசாமி என்னிடம் சொன்னான்:

"அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா அண்ணாச்சி: 'அவுக தலைக்கு யாரு எண்ணெய் வச்சா?'"

எந்தத் தலையில் வைப்பது

மறுவாரம் ஒரு தெருவே வந்து இறங்கியது. அவர் மட்டும் இல்லை. என் பாறையைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். "ஒரு கல்லை வச்சு எண்ணெய் ஊத்தினா ஆச்சு. இதுக்கு ஏன் குத்தாலம்?" என்றார் பேச்சிமுத்துவின் பெரியப்பா. "கல்லு எதுக்கு? என் தலையில வைங்க. அத்தானுக்காக நான் உட்காருதேன்" என்றான் மாடசாமி. ஒரு சித்தி பாய்ந்து வந்தாள். "ஏலே, கிறுக்குப் பயலே! உசிரோட இருக்கவன் தலையில செத்தவனுக்குள்ள எண்ணெயா? போறவன் உன்னையும் கூட்டிட்டுல்லா போவான்!" தூத்துக்குடிக்குப் போய்க் கடலில் ஊற்றிவிடலாம் என்றார் இன்னொருவர். கோமதி தலையைத் தூக்காமலே, "கடல்ல ஊத்தினா மீனுக்கு ஆகும். தலைக்கு ஆகுமா?" என்றாள்.

பெரியப்பா ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். பார்த்தாள். "இது அவுக இல்ல" என்றாள். இன்னொன்று. அதுவும் இல்லை. எது என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகள் அழுதன. இவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னிடம் எதற்கு வந்திருக்கிறார்கள் என்றே புரியவில்லை. அப்போது அவள் நேராக என் கையைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணாச்சி, எங்களுக்கு அவுக மூஞ்சிதான் தெரியும். மண்டை உங்க கைக்குத்தான் தெரியும். நீங்களே ஒண்ணு பார்த்துக் குடுங்க."

உள்ளங்கை

பக்கத்துப் பாறையில் தொழில் பார்த்த சங்கரன் என்னைத் தனியே இழுத்துப் போனான். "வேண்டாம் வே. செத்தவன் எண்ணெயைத் தொட்ட கைன்னு தெரிஞ்சா, இந்தச் சாரல் முடியுத வரைக்கும் ஒரு பய உம்மகிட்டத் தலை குடுக்க மாட்டான்" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். எங்களுக்கு வருஷச் சோறு அந்த மூன்று மாதச் சாரலில்தான். ஆனாலும் சிற்றாற்றில் இறங்கிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் பிடித்துப் பார்த்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒன்று எங்கள் ஊர் வக்கீல். ஒன்று ஒரு ஜமீன் காரியஸ்தர். ஒன்று அச்சாக என் மைத்துனன். அவன் உயிரோடு இருக்கிறான், பதறிப் போட்டுவிட்டேன். எல்லாக் கல்லும் தலையாக இருந்தது. எந்தத் தலையும் அவராக இல்லை. கடைசியில் ஒரு கல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பேசாமல் உட்கார்ந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "இதுதானா?" என்றாள். "கைக்கு இதுதான் வருது தாயி" என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பாறையில் வைத்தேன். கிண்ணத்தைச் சாய்த்தேன். சொந்தக்காரர்கள் வைக்க வேண்டிய எண்ணெய். நான் வெறுமனே தொட்டுக் கொடுத்துவிட்டு விலகியிருக்க வேண்டும். கை கேட்கவில்லை. பழக்கம். உச்சியில் தட்டி, நெற்றிப் பொட்டில் சுழற்றி, பிடரியில் இறக்கி, அழுத்தித் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். பெரியப்பா கத்தினார்: "ஏய்! புறங்கை! புறங்கையால வையும் வே! உயிரோட இருக்கவனுக்குத் தேய்க்க மாதிரி தேய்க்கீரு!" கையை வெடுக்கென்று எடுத்தேன். நான் செத்தவனுக்குத் தேய்க்கிறேனா, இருக்கிறவனுக்குத் தேய்க்கிறேனா? கூட்டம் முழுவதும் என் கையையே பார்த்தது.

கோமதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக அழுதாள். பிறகு என் கையைப் பிடித்து, உள்ளங்கை கீழே இருக்கும்படி, அந்தக் கல்லின் மேல் திரும்ப வைத்தாள். பெரியப்பாவுக்குப் பதில் சொன்னாள்:

"தேய்க்கட்டும் மாமா. புறங்கையால வச்சா, தேய்க்கது அண்ணாச்சின்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள்

மற்றவர்கள் புறங்கையாலேயே வைத்தார்கள். சீயக்காய் வைத்து, அருவித் தண்ணீர் ஊற்றி, கல்லைச் சிற்றாற்றிலேயே விட்டோம். அதன் பிறகுதான் கோமதி வண்டியில் ஏறினாள். காரியமெல்லாம் தென்காசியில் முறையாக நடந்தது.

மறுநாள் சங்கரன் சொன்னபடியே ஆயிற்று. என் பாறைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. கிண்ணத்தை வைத்துக்கொண்டு அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிப்பொழுதில் புளியங்குடி எலுமிச்சங்காய் வியாபாரி ஒருவர் வந்தார். நல்ல பருமன். "நேத்து இங்கன என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? தெரிஞ்சுட்டு உட்காரும். பிறகு என்னைத் திட்டக் கூடாது" என்றேன். அவர் துண்டை மடித்துப் போட்டு, வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"செத்த ஆளே ஒரு குறை சொல்லலையாம். நான் என்னத்தைச் சொல்லப் போறேன்? தேயும்."

எங்கள் தொழிலில் ஆள் இல்லாமலும் எண்ணெய் தேய்த்துவிடலாம், முந்தின நாள் அந்தக் கல்லில் நானே தேய்த்துவிட்டேன். தேய்த்தது யார் தலை என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.