கைநாட்டு வைத்தவர்தான் வரவேண்டும்

அக்காவுக்குக் காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. கைக்குழந்தையில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது என்று அம்மா சொல்வாள். எங்கள் தெருவில் அதை யாரும் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்றுப் பறிக்கவும் களை எடுக்கவும் காது எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

கவலைப்பட்டவர் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர்தான். அப்போதுதான் ஆட்சி மாறியிருந்தது. இனி எல்லார் வீட்டுப் பிள்ளையும் படிக்கும் என்று நன்னிலம் கடைத்தெருவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் அதை அப்படியே நம்பினார். இரண்டு பஸ் மாறிப் போனால் ஒரு டவுனில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் இருக்கிறது, தங்க இடம், சோறு, துணி எல்லாம் இலவசம் என்று அப்பாவிடம் வந்து வந்து சொன்னார். கடைசியில் அப்பா தலையாட்டினார்.

சேர்க்கும் நாள் குறுவை நடவில் வந்தது. இரண்டு பேர் கூலியையும் விட முடியாதென்று அம்மா வயலுக்குப் போய்விட்டாள். அப்பாவும் அக்காவும் நானும் போனோம். அக்கா திருவிழாவுக்குப் போகிற மாதிரி வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்குத் தரவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் வார்டன் அம்மா சட்டதிட்டங்களை நிதானமாகச் சொன்னார். பிள்ளை பழகும்வரை யாரும் பார்க்க வரக்கூடாது. பொங்கல் லீவுக்குத்தான் முதன்முதலாக வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்கும் சேர்த்துவிட்டவரே நேரில் வந்து அழைத்துப்போக வேண்டும். முன்பு யாரோ மாமன் என்று சொல்லி ஒரு பெண்ணைக் கூட்டிப்போய் எங்கோ வேலைக்கு விட்டுவிட்டானாம். அப்பா எல்லாவற்றுக்கும் சரிங்கம்மா என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்.

அக்கா ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். இப்போதே கிளம்பிவிடுங்கள், பார்த்தால் அழும் என்றார் வார்டன் அம்மா. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். அக்காகிட்ட சொல்லலையே என்று நான் கேட்டபோதும் அவர் நடையைக் குறைக்கவில்லை.

சம்பா அறுவடை தொடங்கும் நேரத்தில் ஊரில் தகராறு முற்றியது. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டித் தரவேண்டும் என்று எங்கள் ஆட்கள் அரிவாளைத் தொட மறுத்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். களத்துமேட்டில் கைகலப்பானது. போலீஸ் வேனில் ஏற்றப்பட்டவர்களில் அப்பாவும் ஒருவர்.

பொங்கல் லீவு வந்தது. அம்மா என்னை அழைத்துக்கொண்டு அந்த டவுனுக்குப் போனாள். நாங்கள் உள்ளே நுழையும்போதே அக்கா பார்த்துவிட்டாள். தாழ்வாரத்திலிருந்து பாய்ந்து வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உடனே உள்ளே ஓடித் தன் துணி மூட்டையோடு வந்து நின்றாள்.

வார்டன் அம்மா அப்பா எங்கே என்று கேட்டார். அம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் சேர்க்கைப் புத்தகத்தைப் புரட்டி அப்பாவின் கைநாட்டைக் காட்டினார்.

"நீங்கதான் அம்மான்னு எனக்குத் தெரியுதும்மா. அதுக்காக நான் அனுப்ப முடியாது. நீங்கதான் தாயார்னு உங்க ஊரு முன்சீப்புகிட்ட அத்தாட்சி வாங்கிட்டு வாங்க, உடனே அனுப்புறேன்."

லீவிலும் சமையல்கார அம்மா இருப்பார், பிள்ளைக்கு ஒரு குறையும் வராது என்றார். அக்காவின் விரல்களை அம்மாவின் சேலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் ரோடு வரைக்கும் எங்களுக்குக் கேட்டது.

கிராம முன்சீப் மிராசுதாரின் மைத்துனர். அம்மா அவர் வீட்டு வாசலில் காலையிலிருந்து நின்றாள். வெயில் ஏறிய பிறகு வெளியே வந்தார்.

"செங்கொடியைத் தூக்கறப்ப உன் புருஷன் எங்கிட்ட கேட்டுக்கிட்டா தூக்குனான்? உங்க தெரு ஆளுங்களை அறுப்புக்கு எறங்கச் சொல்லு. அன்னிக்கே எழுதித் தர்றேன்."

அம்மா திரும்பி நடந்தாள். தெருவில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிலர் அவளுக்காக இறங்கியிருப்பார்கள், சிலர் அவளை ஏசியிருப்பார்கள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. பொங்கலன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மாசியில் அப்பா ஜாமீனில் வந்தார். வயலில் கதிர் எல்லாம் போய்த் தாள்தான் நின்றது. கூலியும் கூடவில்லை. மறுநாளே அவர் போய் அக்காவை அழைத்துவந்தார். அம்மா சந்தின் முனையில் காத்திருந்தாள். அக்கா அவளைத் தாண்டி நேராக வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அம்மா ஊட்டிய சோற்றை அவள் வாங்கிக்கொள்ள நாளாயிற்று.

திருப்பி அனுப்பமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். வாத்தியார் விஷயம் கேள்விப்பட்டு சைக்கிளில் வந்தார். பிள்ளை பேர் எழுதுகிறாள், உதட்டைப் பார்த்தே சொல் புரிந்துகொள்கிறாள், இதோடு நிறுத்தினால் எல்லாம் மறந்துபோகும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். இனி பெற்றவர் யார் வந்தாலும் அனுப்பும்படி எழுதிவாங்கித் தருகிறேன் என்றும் சொன்னார். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"காது கேக்குற புள்ளையா இருந்தா, இன்ன காரணம்டி, அதான் விட்டுட்டு வந்தேன்னு சொல்லியிருப்பேன் சார். இதுகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? ரெண்டு தடவை விட்டுட்டு வந்தாச்சு. மூணாவது தடவை என்னால முடியாது."

வாத்தியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். அதன்பிறகு அவர் எங்கள் தெருப்பக்கம் அதிகம் வரவில்லை.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா இனி எங்கும் போகமாட்டாள். பகலில் அம்மாவோடு வயலுக்குப் போனாள். சாயங்காலம் வாய்க்கால் கரையில் என் எதிரில் உட்கார்ந்து கைகளை வேகவேகமாக ஆட்டுவாள். விரலை மடக்குவாள், நெஞ்சைத் தொடுவாள், கன்னத்தில் தட்டுவாள், பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். ஏதோ புது விளையாட்டு என்று நானும் அதேபோல் ஆட்டிக் காட்டுவேன். அவள் இல்லையென்று தலையசைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள்.

அடுத்த நடவு வருவதற்குள் அது குறைந்து, பிறகு நின்றே போனது. அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த விடுதியில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு அது என்பதும், பதில் சொல்ல எங்கள் ஊரில் ஒருவரும் இல்லாததால்தான் அவள் அதை விட்டுவிட்டாள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.