அத்தி மரம் வரை போகும் கவிதை

பெல்கிஸுக்கு உஸ்குதார் படகுத்துறையில் டோக்கன் விற்கிற வேலை. நாள் முழுக்க ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரை அக்கரைக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போனால் கவிதை எழுதுவாள். கவிதை என்றதும் நிலா, ரோஜா என்று நினைக்க வேண்டாம். அந்தச் சமாச்சாரமே அவளுக்கு ஆகாது. அவள் கவிதையில் யாராவது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடப்பார்கள். ரொட்டிக்கடை வரும், மேடு வரும், திருப்பம் வரும். நடந்து முடிக்கும்போது ஒரு கதை முடிந்திருக்கும்.

"ஆளை மாத்தி எழுதலாம், பேரை மாத்தி எழுதலாம். இடத்தை மாத்தினா கதை நொண்டும்" என்பாள். அவள் கவிதைகளைப் போடும் சிறுபத்திரிகையின் ஆசிரியர் ஹல்துன் அதற்குத் தலையாட்டுவான். இந்தப் பிடிவாதம்தான் அவள் தம்பியைத் தூக்குமேடையில் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறு வருஷம் அது. தம்பி ஸிவெர் கண்ணாடி ஆலையில் வேலை நிறுத்தம் நடத்தியவன். அவனைத் தேடி பெல்கிஸின் வீட்டைப் போலீஸ் இரண்டு தடவை தலைகீழாகப் புரட்டிவிட்டுப் போயிருந்தது. அவனோ நாலு தெரு தள்ளி, மேட்டுத் தெருவில், மெலிஹா என்ற விதவையின் மாடியில் மூன்று மாதமாக இருந்தான். மெலிஹா தனி ஆள். ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள். வேலை முடிந்து வரும் பெல்கிஸ் அதில் ரொட்டியை வைப்பாள், கூடை மேலே போகும். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் கூடை இறங்கும், ஏறும். யார் கவனிக்கப் போகிறார்கள்?

பெல்கிஸ் கவனித்தாள். கவனித்ததோடு நிற்காமல் எழுதியும் தொலைத்தாள். கவிதையில் ஒரு பெண் படகுத்துறையிலிருந்து கிளம்புகிறாள். ரொட்டிக்கடை, கரிக்கடை, தண்ணீர் வராத பழைய குழாயடி, சுவரைப் பிளந்து வளர்ந்த அத்தி மரம். அதற்கு எதிரே பச்சைத் திரை போட்ட ஜன்னல். கூடை இறங்குகிறது. ஒற்றை ஆள் இருக்கும் வீட்டுக்கு இரண்டு ரொட்டி ஏறுகிறது. அங்கே கவிதை முடிகிறது. தம்பி என்ற சொல்லே அதில் இல்லை. இதைப் படித்து யாருக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தாள். கவிதை படிக்கத் தெரிந்த போலீஸ்காரன் ஒருத்தன் வந்து வாய்த்தது அவளுடைய போதாத காலம்.

பத்திரிகை வெளிவந்த சனிக்கிழமை, ஹல்துன் மூச்சிரைக்க டோக்கன் ஜன்னலில் வந்து நின்றான். கையில் ஒரு பிரதி இருந்தது.

"அக்கா, சாதாரண உடுப்புல ரெண்டு பேர் வந்து பத்திரிகை வாங்கினாங்க. உன் கவிதையைத்தான் பிரிச்சாங்க. இந்த அத்தி மரம் எந்தத் தெருவுலன்னு கேட்டான் ஒருத்தன்."

"நீ என்ன சொன்னே?"

"கற்பனைன்னு சொன்னேன். சிரிச்சான். இந்தம்மா கற்பனை பண்ற ஆள் இல்லையேன்னான்."

இத்தனை வருஷத்தில் பெல்கிஸைச் சரியாகப் புரிந்துகொண்ட வாசகன் அந்தப் போலீஸ்காரன் ஒருவன்தான். பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டு, பக்கத்து ஜன்னல்காரியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ரொட்டிக்கடை முனைக்கு வந்தபோதே அவர்களைப் பார்த்துவிட்டாள். கரிக்கடை வாசலில் நின்றிருந்தார்கள். ஒருவன் பத்திரிகையில் விரலை வைத்து வரியைப் படித்தான், நிமிர்ந்து தெருவைப் பார்த்தான், அடுத்த வரிக்குப் போனான். அவசரமே இல்லை அவனுக்கு. வழிதான் கையில் இருக்கிறதே. பெல்கிஸ் தன் கையை வெட்டிப் போடலாம் போல உணர்ந்தாள்.

கவிதைக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழி. அவள் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்தாள். சேறு, முள், சரிந்த கற்கள். அழகில்லை என்று அவள் எழுதாமல் விட்ட வழி அது. மேலே ஏறியதும் வீடுகளின் இடைவெளியில் குழாயடி தெரிந்தது. அவர்களும் அங்கே வந்திருந்தார்கள். ஒருவன் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு மற்றவனிடம், "தண்ணி வரல. சரியாத்தான் எழுதியிருக்கா" என்றான்.

பின்கதவு வழியாக அவள் நுழைந்தபோது மெலிஹா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு அவள் கத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"கவிதை எழுதினியா? வேற ஜன்னலே கிடைக்கலையாடி உனக்கு?"

"அக்கா, திட்டறதை அப்புறம் திட்டு. இவனை எங்க அனுப்பறது?"

"எங்கயும் அனுப்ப முடியாது. ஸிவெர், கரிக்குழிக்குள்ள இறங்கு. உன் ஷூவைக் கழட்டிக் கொடுத்துட்டு இறங்கு."

சமையலறைத் தரைக்கு அடியில் கரிக்குழி. ஸிவெர் இறங்கியதும் பலகையை மூடி மேலே கம்பளத்தை விரித்தாள். பிறகு அவனுடைய ஷூக்களை எடுத்துப்போய், முன்வாசலுக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி வைத்தாள். பெல்கிஸ் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். செத்தவருடைய செருப்பைத்தான் அப்படி வைப்பார்கள். வைத்ததைத் திரும்ப உள்ளே எடுக்கக் கூடாது, யாராவது ஏழைபாழை எடுத்துப் போக வேண்டும்.

"உயிரோட இருக்கறவன் ஷூவாச்சே, அக்கா!"

"உயிரோட இருக்கணும்னுதான்" என்றாள் மெலிஹா.

எதிர்வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து ஷூக்களைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் தலையில் முக்காட்டோடு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். ஒருத்தி அடுப்பில் வாணலியை ஏற்றி சாவு அல்வாவுக்கு மாவை வறுக்க ஆரம்பித்தாள். மற்றவர்கள் கம்பளத்தின்மேல் உட்கார்ந்து பிரார்த்தனை முணுமுணுத்தார்கள். செத்தது யார் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. கூடையும் இரண்டு ரொட்டியுமான அந்தக் கவிதையை மூன்று மாதமாக அவர்கள் ஜன்னலிலிருந்தே படித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பெல்கிஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

பத்திரிகை வைத்திருந்த போலீஸ்காரன் ஷூக்களைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினான். மற்றவன் தெருவிலேயே நின்றுகொண்டான்.

"யாரும்மா தவறிட்டது?"

"என் அண்ணன். ஊர்லேர்ந்து வைத்தியத்துக்கு வந்தவர். காலையில ஆஸ்பத்திரியில போயிட்டார்." மெலிஹா முகத்தைத் துடைத்தாள். "மூணு மாசம் ரெண்டு ரொட்டி வாங்கினேன். இனிமே ஒண்ணு போதும்."

அவன் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தான். மூலையில் முக்காடு போட்டுக் குனிந்திருந்த பெல்கிஸையும் பார்த்தான். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கினான். சமையலறை வாசலில் நின்றான். கம்பளத்திலிருந்த பெண்கள் ஓதுவதை நிறுத்தவும் இல்லை, இடத்தை விட்டு அசையவும் இல்லை. அல்வா கிளறியவள் ஒரு தட்டை அவன் கையில் திணித்தாள். சாவு வீட்டு அல்வாவை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை. நின்றபடியே தின்றுவிட்டு, ஆறுதல் வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

இருட்டும் முன் ஸிவெர் கிளம்பினான், மெலிஹாவுடைய காலஞ்சென்ற கணவனின் ஷூக்களில். அவை பெரிதாக இருந்தன. பெல்கிஸ் பத்திரிகையிலிருந்து தன் கவிதையைக் கிழித்துச் சுருட்டி, ஷூ முனைகளில் அடைத்துக் கொடுத்தாள்.

"எங்க போறேன்னு சொல்லட்டுமாக்கா?"

"சொல்லாதே. நான் எழுதிடுவேன்."

அதற்குப் பிறகு அவனைப் பற்றி நல்ல சேதியும் இல்லை, கெட்ட சேதியும் இல்லை. அத்தி மரம் இலை விட்ட சமயத்தில் ஒரு சுமைக்காரன் டோக்கன் வாங்க வந்தான். ஜன்னலுக்கு முன்னால் தடுப்புக் கட்டையில் காலைத் தூக்கி வைத்து ஷூக் கயிற்றை இறுக்கினான். இடது ஷூவின் ஓரத்தில், ஸிவெருக்காக அவள் கையால் போட்ட தையல் இருந்தது.

"இந்த ஷூ ஏதுண்ணே?"

"மேட்டுத் தெருவுல, ஒரு சாவு வீட்டு வாசல்ல எடுத்தேன்மா. புண்ணியவான், நல்லா உழைக்குது. அவருக்கு நல்ல இடமா கிடைக்கட்டும்."

பெல்கிஸ் டோக்கனை அவன் பக்கம் தள்ளினாள்.

"கிடைக்கட்டும்ணே. எந்த இடம்னு மட்டும் யாருக்கும் தெரியாம இருக்கட்டும்" என்றாள்.