படி தாண்டினால் தமிழ்

பள்ளி நூலகத்தின் சாவி என்னிடம் வந்ததற்குப் புத்தகப் பிரியம் காரணமில்லை. நான் கணக்கு டீச்சர். யாரையும் லேசில் நம்பமாட்டேன் என்று ஸ்டாஃப் ரூமில் எனக்கு ஒரு பேர் உண்டு, அதனால்தான் கொடுத்தார்கள். பீளமேட்டில் மில் சங்குச் சத்தம் கேட்டு மணி பார்த்துக்கொள்கிற பள்ளிக்கூடம் அது. நூலகம் என்றால் இரண்டு கண்ணாடி பீரோ, அவ்வளவுதான். சாயங்காலம் புத்தகங்களை எண்ணிவிட்டுப் பூட்டுவேன். பூட்டை இழுத்துப் பார்ப்பேன். படியிறங்கிய பிறகு சந்தேகம் வந்து, மறுபடி ஏறிப்போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவம்பர். எங்கள் பகுதிக் கிளை நூலகர் மொபெட்டில் ஒரு பை நிறையப் படப் புத்தகங்களோடு பள்ளிக்கு வந்தார். மலையாளம், கன்னடம், உருது, தெலுங்கு, இந்தி. குழந்தைகள் தினத்துக்கு நூலகமும் பள்ளியும் சேர்ந்து ஒரு விழா எடுப்போம், பிள்ளைகள் அவரவர் வீட்டு மொழியில் ஒரு கதையை மேடையேறிப் படிக்கட்டும் என்றார். தலைமை ஆசிரியைக்கு வாயெல்லாம் பல். எனக்கு மட்டும் உறுத்தியது. இந்த மனுஷன் எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்? கிழிந்த புத்தகங்களை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடக் கிழிந்திருக்கவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூடியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்து காடு வாங்கி, பருத்தி போட்டு, இந்த மண்ணிலேயே ஊறிப்போன குடும்பம். தெலுங்கு எழுத்து எங்களில் ஒருவருக்கும் தெரியாது. படிப்பு, எழுத்து, கடைகண்ணி எல்லாமே தமிழ்தான். வீட்டுக்குள் தெலுங்கு, படி தாண்டினால் தமிழ் என்பது எங்களுக்குச் செருப்பு மாட்டுவதுபோலப் பழகிய காரியம். எங்களைப் போன்ற வீடுகள் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருந்தன, ஒளிக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஸ்டாஃப் ரூமில் நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் பேச்சு எங்கே போய் நிற்குமோ என்று பயம். என் சந்தேகத்தில் பாதி அந்தப் பயந்தான் என்று இப்போது தெரிகிறது.

விழாவுக்காக வீட்டுக்கு வீடு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினோம். 'வீட்டில் பேசும் மொழி எது?' என்ற ஒரே கேள்வி, கீழே பெற்றோர் கையெழுத்து. அடுத்த நாள் காலையிலேயே பள்ளி கேட்டில் பெற்றோர் கூட்டம்.

"ஏனுங்க டீச்சர், இதெதுக்குங்க எழுதி வாங்கறீங்க? ரேசன் கார்டுல ஏதாச்சும் மாத்தப்போறாங்களா?"

"கதை படிக்கறதுக்குத்தானுங்க."

"கதைக்கு எதுக்குங்க கையெழுத்து?"

நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கடைசியில் சீட்டுகள் எல்லாம் திரும்பி வந்தன. மலையாளம் ஒன்று, இந்தி ஒன்று, மற்றபடி கட்டுக் கட்டாகத் தமிழ், தமிழ், தமிழ். வாசலில் நின்று பிள்ளையைத் தெலுங்கில் அதட்டிக் கூப்பிடுகிற அம்மாக்களும் தமிழ் என்றே எழுதியிருந்தார்கள்.

அந்தத் தமிழ்களில் ஒன்று நான் எழுதியது. என் மகள் அதே பள்ளியில் ஐந்தாவது படித்தாள். சீட்டை நீட்டி, "தெலுங்குன்னு எழுதட்டுங்களாம்மா?" என்று கேட்டாள். தெலுங்கில்தான் கேட்டாள். நான் சீட்டைப் பிடுங்கித் தமிழ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அப்ப நாம பேசறது என்னங்கம்மா?"

"அது ஊட்டுக்குள்ள. ஊரு பூராவும் தண்டோராப் போடோணுமா?" என்றேன். அவள் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தெலுங்கு என்று எழுதி வந்தது ஒரே ஒரு சீட்டு. ஆறாவது படிக்கிற ஒரு பெண்ணுடையது. அவள் அம்மா பக்கத்து மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை. அந்தப் பெண் வந்து தெலுங்குப் புத்தகத்தைக் கேட்டாள். யானையும் ராஜாவும் வருகிற படக்கதை. கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.

"இதைப் படிக்க உனக்கு யாரு சொல்லித் தருவாங்க?"

"அம்மா சொல்லித் தருவாங்க டீச்சர்."

பொய் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். எங்கள் வீடுகளில் யாருக்கும் அந்த எழுத்து தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாதே. பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க அவள் மேல் ஒரு கண் வைத்திருந்தேன். மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்து முணுமுணுப்பாள். நான் அந்தப் பக்கம் போனால் சட்டென்று மூடிவிடுவாள். சரி, ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது, மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

விழா அன்று பிரேயர் ஹாலில் கலர் பேப்பர் தோரணம். பிள்ளைகள் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் என் மகள். பின்னால் சுவரோரம் சில பெற்றோர். அந்தப் பெண்ணின் அம்மாவும் வந்திருந்தார். மில்லில் பாதி நாள் லீவு சொல்லி நேராக வந்திருப்பார் போல, தலைமுடியில் பஞ்சுத்தூசி அப்படியே இருந்தது. மலையாளக் கதை ஒன்று, இந்தியில் ஒன்று, தமிழில் நாலைந்து முடிந்தன. பிறகு அந்தப் பெண் புத்தகத்தோடு ஏறினாள். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவள் தெலுங்கில் படித்தாள். எங்கள் ஊர்த் தெலுங்கு. ஒரு பொம்பளை முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருக்கிறாள். மேகம் வந்து, "அம்மா, பெய்யட்டுமா?" என்று கேட்கிறது. "என் மிளகாய் நனைந்துவிடும், போ" என்கிறாள். சரி என்று மேகம் பக்கத்து வீட்டுக்குமேல் போய் நிற்கிறது. உடனே இவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அதெப்படி? அவள் கிணறு மட்டும் நிரம்பலாமா? இங்கேயே வா!" மேகம் வந்தால் மிளகாய், போனால் கிணறு. பாவம், மேகம் இங்கும் அங்குமாக அலைகிறது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எனக்கு அப்படி ஒரு பெரியம்மா உண்டு. ஹாலில் வேறு யாரும் சிரிக்கவில்லை. தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள், மற்றவர்கள் ஒன்றும் புரியாமல் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த நிமிஷம் என் புத்தி தன் வேலையைக் காட்டியது. இந்தப் புத்தகத்தில் மேகம் எங்கே இருக்கிறது? மிளகாய் எங்கே இருக்கிறது? யானையும் ராஜாவும் அல்லவா? விறுவிறுவென்று மேடையேறிப் புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். உள்ளே மடித்த தாள் ஒன்று. நோட்டிலிருந்து கிழித்தது. தெலுங்குப் பேச்சு முழுவதையும் தமிழ் எழுத்தில், பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்.

"இது புஸ்தகத்துல இருக்கற கதையே இல்லை. வேற எதையோ எழுதிவெச்சு ஏமாத்திட்டிருக்கறா!" என்றேன், மைக்கில் கேட்கும்படி.

சுவரோரம் இருந்த அம்மா முன்னால் வந்தார்.

"நான் சொன்ன கதைதானுங்க டீச்சர். எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. நான் வாயில சொன்னேன், அவ எழுதிக்கிட்டா. தப்புன்னா என்ற மேலதானுங்க. புள்ளையத் திட்டிப்போடாதீங்க."

நூலகர் எழுந்து வந்தார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை, ஆச்சரியந்தான் இருந்தது.

"பரவாயில்லைங்க டீச்சர், நல்ல கதைதானே, முடிக்கட்டும். அது சரி, புஸ்தகக் கதை இல்லைன்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? உங்களுக்குத் தெலுங்கு வருங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த அம்மாவுக்கும் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். ஆனால் எத்தனை பேர் என்னையே பார்க்கிறார்கள் என்றுதான் என் கண் கணக்குப் போட்டது.

"எனக்குத் தெலுங்கெல்லாம் வராதுங்க," என்றேன். "படத்தைப் பாத்தாலே தெரியுதே."

"சிரிச்சீங்களே டீச்சர்," என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

நான் குனிந்து புத்தகத்தைப் புரட்டினேன். மீதிக் கதையைப் படிக்கச் சொல்லி நூலகர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப்போய் அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புறப்படும்போது அந்த அம்மா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பொம்பளைகள் பார்க்கிற அதே பார்வை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் தாள் என் கைப்பையில் தங்கிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விரித்தேன். நாற்பது வயதுக்குப் பக்கத்தில், என் வீட்டு மொழியைக் காகிதத்தில் நான் படித்தது அதுதான் முதல் தடவை. எழுத்துக்கூட்டிப் படிக்கப் படிக்க, என் அம்மா அடுப்படியில் பேசுவது அப்படியே கேட்டது. அழுகை வந்தது, நான் செய்த காரியத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. கதையின் முடிவும் அதில் இருந்தது. அலைந்து அலைந்து சலித்துப்போன மேகம், "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க தாயே" என்று சொல்லிவிட்டு அவிநாசிப் பக்கம் போய்ப் பெய்துவிட்டதாம். மிளகாய் நன்றாகக் காய்ந்ததாம், இரண்டு கிணறும் காய்ந்ததாம்.

இதை மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று மனசு துடித்தது. பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்திருந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். சமையலறையிலிருந்து அவளைத் தெலுங்கில் கூப்பிட்டேன். "இங்க வா கண்ணு, அந்தக் கதை எப்படி முடிஞ்சதுன்னு சொல்றேன்."

அவள் வந்து சமையலறை வாசலில், வீட்டுக்கு உள்ளேதான் நின்றாள். தமிழில் சொன்னாள்.

"எனக்குத் தெலுங்கெல்லாம் வராதுங்கம்மா."