ஹாரன் அடித்தால் மாத்திரை

மீன் வியாபாரத்தில் விற்கிறது பத்து நிமிஷ வேலை. ஆய்ந்து கொடுக்கிற நேரத்தில் காதில் விழுகிறதைச் சுமக்கிறதுதான் மீதி நாள் வேலை. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம், காவாந்தண்டலம் என்று மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷமாகச் சுற்றுகிறேன். தெருவில் கூவி விற்கிற எவருக்கும் தெரியும், ஒரு வருஷம் போகாவிட்டால் அந்தத் தெரு நம்முடையது இல்லை. சின்னவன் வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாசத்தில் வண்டியை நிறுத்தினேன். திரும்பி வந்தால் என் தெருக்களில் வேறொருத்தனுடைய ஹாரன். தொண்டை வறள அவனோடு சண்டை போட்டு, அவனைவிட நல்ல மீனாகக் கொண்டுவந்து, வாசல் வாசலாகத் திரும்பப் பிடிக்க ரெண்டு வருஷம் ஆனது.

மூணாவது வேண்டாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்தாயிற்று. எப்படி வேண்டாம் என்பதில்தான் தொல்லை. என்னை மாதிரி அங்கே மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிரஷர்

முதலில் ஆசைப்பட்டது தினம் ஒன்று போடுகிற மாத்திரைக்கு. மருந்துக்கடைக்காரர், "பிரஷர் பாத்துட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிஸ்டர் கையில் பட்டையைச் சுற்றினார், பார்த்தார், மறுபடி சுற்றினார். அதிகம். "வர்ற வழியில ஒரு லாரிக்காரனோட சண்டை, அதான். அரை மணி விடுங்க" என்றேன். அரை மணி கழித்தும் அதிகம். அடுத்த வாரம், சண்டையே போடாமல் போன அன்றைக்கும் அதிகம்.

ரத்தக்கொதிப்பு இருந்தால் அந்த மாத்திரை ஆகாது, முதலில் டாக்டரிடம் கொதிப்பைக் காட்டுங்கள் என்றார் சிஸ்டர். விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. "பாதி பாதியாப் போட்டுக்கிட்டா?" என்று பேரம் பேசினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற காவாந்தண்டலத்து வாடிக்கைக்காரம்மா முந்திக்கொண்டார்: "அஞ்சு ரூபா கொறச்சுக் கேட்டா நீ கத்துற கத்துல எங்களுக்கே பிரஷர் ஏறுது, உனுக்கு ஏறாதா?"

ஊசி

காவாந்தண்டலத்தில் எஸ்தர் என்று ஒரு பெண். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். மூணு மாசத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொள்கிறாள். கிழங்கா மீனை ஆய்ந்துகொண்டே அவளைக் குடைந்து குடைந்து கேட்டேன். ஆரம்பத்தில் தீட்டு கண்டபடி வந்ததாம், அப்புறம் நின்றே போனதாம். அப்படி ஆகும் என்று சிஸ்டர் முன்னாலேயே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை என்றாள். பின்னால் பிள்ளை வேண்டும் என்றால் ஊசியை நிறுத்தியும் பல மாசம் பொறுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லித்தான் போட்டார்களாம்.

எனக்கு அது சரிப்படவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை வண்டியிலேயே இருக்கிறவள் நான். வழியில் ஒதுங்க ஒரு இடம் கிடையாது. எந்த நாள் எப்படி இருக்கும் என்று தெரியாமல் கிளம்ப முடியுமா? எஸ்தருக்கோ அதைவிட்டால் வேறு எதுவும் வேண்டாம். காரணம் கேட்டேன். சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க மாமியாருக்குத் தெரியாம அந்த வூட்டுல நடக்கிற ஒரே காரியம் அதான்க்கா."

கத்தி

என் வீட்டுக்காரர் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அதுவரை ஆணுறை வாங்கி வருவது அவர் பொறுப்பு. உத்திரமேரூரில் எல்லோருக்கும் தெரிந்த முகமாம். அதனால் பஸ் ஏறி காஞ்சிபுரம் போய் வாங்கி வருவார். பஸ் தவறினால் அன்றைக்கு இல்லை. இப்படி ஒரு ஏற்பாட்டை நம்பி யாராவது வியாபாரம் செய்வார்களா?

சிஸ்டர் சொன்னதை ஒரு சாயங்காலம் அவரிடம் எடுத்து வைத்தேன். ஆண்களுக்குச் செய்கிற ஆபரேஷன் சின்ன வேலை, தையல்கூட இல்லை, ரெண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கழித்து மூட்டை தூக்கலாம், தெம்பு குறையாது. ஆனால் உடனே பலிக்காது. மூணு மாசம் வேறு பாதுகாப்பு வேண்டும், அப்புறம் டெஸ்ட் பார்க்க வேண்டும். எல்லாம் பதவிசாகத்தான் சொன்னேன். அவர் ரெண்டு காலையும் ஒடுக்கிக்கொண்டு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார். மறுநாள் வியாபாரத்துக்காக நான் மீன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் உறைத்தது. மனுஷன் சொன்னார்: "மொதல்ல அந்தக் கத்திய கீழ வெய்யி, அப்பறமாப் பேசிக்கலாம்."

இடி

பெண்களுக்கான ஆபரேஷன் நிரந்தரம். பின்னால் மனசு மாறினால் திரும்புவது கஷ்டம், கொஞ்ச நாள் ஐஸ் பெட்டியைத் தூக்கவும் கூடாது. எனக்கு முப்பத்து மூணு வயசு; நிரந்தரம் என்ற வார்த்தையைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமே என்று தோன்றுகிற புத்தி. அதனால் கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர்-டி பக்கம் பார்வை திரும்பியது.

அதைத் திருப்புலிவனத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், நெஞ்சுக்கு ஏறிவிடும் என்றாள் ஒருத்தி, துருப்பிடிக்கும் என்றாள் இன்னொருத்தி. அது கர்ப்பப்பையை விட்டு நெஞ்சுக்கெல்லாம் ஏறாது, அபூர்வமாக நழுவி வந்தால் அதன் நுனியில் இருக்கிற நூலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன். யார் கேட்டார்கள்? வயர்மேன் பெண்சாதி கற்பகம் மட்டும் சங்கரா மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் பக்கம் குனிந்து, நிஜமான அக்கறையோடு கேட்டாள்: "கோபுரத்து மேல இடி இழுக்கறதுக்கு வெச்சிக்கீறதும் காப்பர்தான் மீனக்கா, மழக்காலத்துல வயல்வழி வண்டி ஓட்டிக்கினு போறியே, பயமா இல்ல?"

புரட்டாசி

அதே திருப்புலிவனத்தில் சுமதி. கைக்குழந்தைக்காரி. குழந்தைக்கு ஒரு வயசு ஆனதும் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகப் பேர் கொடுத்திருந்தாள். அதற்குள் இன்னொன்று வந்தால் பஸ் அவளை விட்டுவிட்டுப் போய்விடும். பால் கொடுக்கிறவளுக்கும் ஆகும் என்று சிஸ்டர் அவளுக்கு வார மாத்திரை கொடுத்திருந்தார்: முதல் மூணு மாசம் வாரத்தில் ரெண்டு நாள், அப்புறம் ஒரு நாள். அவளுக்குக் குறித்துக் கொடுத்தது புதனும் ஞாயிறும். நான் அந்தத் தெருவுக்குப் போவதும் புதனும் ஞாயிறும்.

புரட்டாசி வந்தது. திருப்புலிவனத்தில் ஒரு வீட்டிலும் கவுச்சி கிடையாது. நான் காவாந்தண்டலத்தில் புரட்டாசி பார்க்காத எஸ்தர் தெருவில் மட்டும் விற்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். ஐப்பசி முதல் ஞாயிறு திருப்புலிவனம் போய் ஹாரன் அடித்தேன். சுமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மீன் வாங்க இல்லை. முகம் வெளிறிக் கிடந்தது. என் ஹாரன் கேட்டால் மாத்திரை போடுவது என்று பழக்கி வைத்திருக்கிறாள். ஒரு மாசம் ஹாரன் இல்லை, மாத்திரையும் இல்லை. நாள் தள்ளிப் போயிருந்தது.

பெட்டியை மூடிவிட்டு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் டெஸ்ட் கிட் வாங்கிக் கொடுத்தேன். ஒற்றைக் கோடு. கர்ப்பம் இல்லை. நாலு நாளில் தீட்டும் வந்தது. மாத்திரையைப் பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார் சிஸ்டர். எனக்குக் கோபமான கோபம். "ஏம்மா, செல்போன் கீதே, அதுல அலாரம் வெக்கக் கூடாதா? நான் இன்னா உன் வூட்டு கடிகாரமா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் அசையவில்லை. "நல்லாக் கத்துக்கா, ஆனா மீன் இல்லன்னாலும் சும்மா ஹாரன் அடிச்சிட்டாவது போயிருக்கலாம் இல்ல?"

கொசுறு

அன்றைக்கே எனக்குத் தெளிந்துவிட்டது. கிழமை, பஸ், ஹாரன் எதையும் நம்பாத ஒன்றுதான் எனக்கு வேண்டும். சிஸ்டர் முன்னால் உட்கார்ந்து காப்பர்-டியைப் பற்றி மொத்த வியாபாரியைக் கேட்கிற மாதிரி கேட்டேன். எத்தனை வருஷம் தாங்கும்? அஞ்சு வருஷத்துக்கும் உண்டு, பத்து வருஷத்துக்கும் உண்டு. குறை இன்னா? முதல் சில மாசம் தீட்டு அதிகமாகப் போகலாம், வயிறு இழுக்கலாம். பிடிக்கவில்லை என்றால்? எப்போது வேண்டுமானாலும் வா, எடுத்துவிடலாம். இப்படிக் குறையை முதலில் சொல்லி விற்கிற ஆளை மார்க்கெட்டில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. "சரி, பத்து வருஷத்தோட கொசுறா ரெண்டு வருஷம் போட்டுக் குடுங்க" என்றேன். சிஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பத்து வருஷத்துல உன் பிரஷரைக் கொற, அதான் உனக்குக் கொசுறு."

ரெண்டு மாசம் வயிறு இழுத்தது உண்மை, அப்புறம் அது என் உடம்பில் இருப்பதே மறந்துவிட்டது. அந்த மழைக்காலம் முழுக்க இடி இடித்த மறுநாளெல்லாம் கற்பகம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உயிரோட கீறியா மீனக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். சுமதி கம்பெனி பஸ்ஸில் போகிறாள். அவளுக்கு இப்போது மாத்திரை ஞாயிறு மட்டும்.

இந்தப் புரட்டாசியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலிப் பெட்டியோடு திருப்புலிவனம் போய் ஹாரன் அடித்துவிட்டு, கவுச்சிக்காரிக்கு இந்த மாசம் இங்கே என்ன வேலை என்று நாலு வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறேன்; எதையும் ஞாபகம் வைக்கத் தேவையில்லாத ஒன்றைத் தேடித் தேடிப் பொறுக்கியவளுக்கு வாய்த்த வேலை இது.